ஒரு கை குறைகிறது

ஜனவரி 8

அம்மாவுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. நான் நலம், நீயும் நலமாக இருப்பாய். விஷயத்துக்கு வருகிறேன்.

டேப்புகளைப் பழைய ஒத்திகைப் பாவாடைகளில் சுற்றி அனுப்பும்படி உனக்கு யார் சொன்னது? ஆபீஸில் எல்லோர் முன்னாலும் பெட்டியைப் பிரித்தேன். முதலாளி ஒரு சிவப்புப் பாவாடையைத் தூக்கி இடுப்பில் வைத்து, "எனக்கு அளவு சரியா இருக்குமாப்பா?" என்றார். இரண்டு நாளாக அதே பேச்சு. துணியில் ஈரம் தங்கும். பாதி டேப்பில் பூஞ்சை பிடித்திருக்கிறது. இருபது வருஷம் அலமாரிக்கு அடியில் போட்டு வைத்துவிட்டு இப்போது உன் ஆட்டப் படங்களுக்குக் கண்காட்சி என்றதும் அவசரம்.

செய்யப்போவது இதுதான். ஒவ்வொரு டேப்பையும் சுத்தம் செய்து ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, கீறல், புள்ளி, நிறம் எல்லாம் சரி செய்து, கண்காட்சிக்காரர்கள் கேட்ட அளவில் அனுப்புவேன். எங்கள் கம்பெனிக்கு இதுதான் தினசரி வேலை. அம்மா வேலை என்பதால் தனியாக எதுவும் செய்ய மாட்டேன், எதையும் விட்டுவிடவும் மாட்டேன்.

ஒரு சந்தேகம். இந்தப் படங்களையெல்லாம் எடுத்தது அப்பாதானே? மனுஷனுக்குக் கை ஓர் இடத்தில் நிற்கவே நிற்காதா? பார்க்கிற எனக்குத் தலை சுற்றுகிறது. எனக்கு ஐந்து வயதில் இறந்துபோனவரைக் குறை சொல்வதாக நினைக்காதே. தொழில் முறையில் சொல்கிறேன்.

ஃபோனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ பேசாமல் வைத்துவிடுகிறாய். எழுதினால்தான் நான் உன்னை வாக்கியத்தை முடிக்க விடுவேன் என்றாய். சரி. முடித்து அனுப்பு.

திருகாணி


ஜனவரி 17

என் செல்லத் திருகாணிக்கு,

உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. இருந்தாலும் என் மகன் கையெழுத்தை எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பார்த்தேன். இன்னும் அந்த 'ழ'வைத் திருகிப் போட்டுத்தான் எழுதுகிறாய். வீட்டில் இருந்த ரேடியோ, கடிகாரம், என் தையல் மெஷின் எல்லாவற்றையும் கழற்றிப்போட்ட பிள்ளைக்கு உன் அப்பா வைத்த பெயர் தப்பாகவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கண்ணாடி பவர் ஏறியிருக்கிறதா? இதற்கெல்லாம் நீ பதில் எழுதமாட்டாய் என்று தெரியும். கேட்பது என் வேலை.

கண்காட்சிக்கார அம்மாள் நேற்று வந்து என் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் எழுதிக் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வருகிறது. குழுவில் இரண்டாம் வரிசை ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்து விளக்கு அணைகிறபோது நான் நின்ற இடத்துக்கு விளக்கே வந்திருக்காது. அந்தக் குழுவை வீடியோ எடுக்கக் கூப்பிட்ட ஆள், முழு நிகழ்ச்சியிலும் ஓரத்தில் இருந்த என்னை மட்டும் எடுத்துவைத்திருந்தார். போட்டுப் பார்த்த தலைவி எங்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில் வெளியே அனுப்பிவிட்டாள். வாசலில் நின்று, "மன்னிச்சிருங்க, கை தானா அந்தப் பக்கம் போயிருச்சு" என்றார். அதுதான் உன் அப்பா.

அப்புறம் மேடையே ஏறவில்லை. படிக்கட்டிலும் மொட்டை மாடியிலும் மூடிக்கிடந்த கம்பெனிகளிலும் ஆடினோம். ஆடினோம் என்றுதான் சொல்வேன். நான் படியிறங்கினால் அவர் பின்னால் நடந்தே படியிறங்குவார், கண் கேமராவை விட்டு நகராது. விளக்குப் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் சீட்டாட்டக்காரர் மாதிரி மாடியிலிருந்து கத்துவார்: "ஆட்டத்துக்கு ஒரு கை குறையுது, யாராவது வாங்கய்யா!" தெருவே சிரிக்கும். யாராவது வருவார்கள்.

அவர் போன பிறகு, கேமராவை நிறுத்துகிற முக்காலியோடு குடும்பம் நடத்தினேன். முக்காலி கோபப்படாது, பசிக்கிறது என்று சொல்லாது. விருதெல்லாம் அந்த வருஷங்களில்தான் வந்தது. 'கட்டுப்பாடு' என்று எழுதினார்கள். துணை இல்லாதவள் வேறு எப்படி இருப்பாள்?

பூஞ்சையைத் துடை, நிறத்தைச் சரி செய், எது வேண்டுமானாலும் செய். ஆட்டத்தில் மட்டும் கை வைக்காதே.

உன் அம்மா


பிப்ரவரி 9

அம்மாவுக்கு,

வேலை முடிந்தது. இதோடு ஒரு பென்டிரைவ் இருக்கிறது. லேப்டாப்பில் சொருகிப் பார். எப்படிச் சொருகுவது என்று பக்கத்து வீட்டில் கேட்காதே, ஒரு பக்கம்தான் போகும்.

சொன்னபடி உன் ஆட்டத்தில் கை வைக்கவில்லை. ஒரு இடத்தில்கூட வெட்டவில்லை, ஒட்டவில்லை. கேமரா குலுங்கலை மட்டும் சுத்தமாக எடுத்துவிட்டேன். இப்போது பார்த்தால் இன்று காலையில் எடுத்த படம் மாதிரி இருக்கும். சாஃப்ட்வேர் படத்தில் உள்ள சுவர், தூண், ஜன்னல் இதையெல்லாம் பிடித்துக்கொண்டு, கேமரா எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கெடுக்கும். அதே அளவு எதிர்ப்பக்கம் படத்தை நகர்த்தும். ஓரம் தெரியாமலிருக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கும். அவ்வளவுதான், மாயமந்திரம் எதுவும் இல்லை.

ஒரு வேடிக்கை. உன் முக்காலிப் படங்களுக்கு அந்த நகர்வுக் கணக்கில் எண் எல்லாம் பூஜ்யம். கையில் பிடித்து எடுத்ததற்குப் பூஜ்யம் வரவே வராது. தூங்குகிறவன் கையில் கேமராவைக் கொடுத்தாலும் எண் வரும். பூஜ்யம் என்றால் எதன்மேலோ வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உயிருள்ள கை ஆடாமல் இருக்காது.

ஒரு கெட்ட செய்தி. 'இறக்கம்' என்று ஒட்டியிருந்த டேப் மோசமான நிலையில் இருந்தது. ஒரு தடவை ஓடியது, அதற்குள் மேல்பூச்சு உரிந்து மெஷின் முழுக்கப் பழுப்புத் தூள். இனி அந்த டேப் வெறும் நாடா. வருத்தப்படாதே, ஓடிய அந்த ஒரு தடவையில் முழுதும் ஏற்றிவிட்டேன். அதிலும் குலுங்கலை எடுத்துவிட்டேன். வேலை முடிந்ததும் ஏற்றின மூலத்தை அழிப்பது எங்கள் வழக்கம், இல்லாவிட்டால் டிஸ்க் பத்தாது. சரி செய்ததுதான் இனி மூலம்.

நல்ல வேலை என்று ஒரு வார்த்தை எழுதினால் குறைந்துவிடமாட்டாய்.

திருகாணி


பிப்ரவரி 16

திருகாணி,

பார்த்தேன். படிக்கட்டைப் பார்த்தேன். மொட்டை மாடியைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நான் தனியாக ஆடிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா எங்கே?

நான் ஆட்டம் என்று எழுதியது எதை என்று நினைத்தாய்? என் காலையும் கையையுமா? அதை நீ என்ன செய்தால் எனக்கென்ன, ஆடினது ஆடினதுதான். அவர் ஆட்டத்தைத்தான் தொடாதே என்றேன். நான் மூச்சு வாங்கினால் படமும் வாங்கும். நான் திரும்பப்போகிறேன் என்று எனக்கே தெரிவதற்கு முன்னால் அவர் கை திரும்பத் தொடங்கும். பார்க்கிறவர்களுக்குக் குலுங்கலாகத் தெரியும். எனக்கு அது இன்னொரு ஆள்.

'இறக்கம்' எடுக்கும்போது அவருக்கு நோய் முற்றிவிட்டது. தோளில் பலமே இல்லை. வேண்டாம் என்றால் கேட்டால்தானே. செருப்புக் கம்பெனி மாடி, காலியாகக் கிடந்தது, இன்னும் பசை வாசம் போகவில்லை. கேமராவைத் தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் கை இறங்கத் தொடங்கியது. நான் ஆடிக்கொண்டே பார்க்கிறேன், என் தலைக்கு மேலே இருந்த கேமரா தோளுக்கு வந்து, நெஞ்சுக்கு வந்து, இன்னும் இறங்குகிறது. நிறுத்தினால் அவர் மனசு விட்டுப்போகும். அதனால் நானும் இறங்கினேன். அவர் கை எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவு நான் முழங்காலை மடக்கினேன். கடைசியில் இரண்டு பேரும் தரையில். 'மண்ணை நோக்கி இறங்கும் உடல்' என்று பத்திரிகையில் எழுதினார்கள். மண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் படத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று இறங்கினேன், அவ்வளவுதான்.

நீ அனுப்பினதில் படம் அசையாமல் நிற்கிறது. நான் மட்டும் காரணமே இல்லாமல் தரையில் விழுகிறேன். பைத்தியக்காரி மாதிரி.

உன் அப்பா குரல்கூட நம்மிடம் இல்லை. அவர் மூச்சிரைப்பு என் காலடி ஓசையை மூடுகிறது என்று நான்தான் மைக்கைப் பிடுங்கிப்போட்டேன். முகம் இருக்கிற படம் இரண்டோ மூன்றோ. படம் எடுக்கிறவர் படத்தில் எப்படி இருப்பார்? அந்த ஆட்டம் ஒன்றுதான் மிச்சம்.

சுத்தம் செய்துவிட்டாய்.

அம்மா


பிப்ரவரி 24

அம்மாவுக்கு,

நீ எழுதியது 'ஆட்டம்'. ஆட்டம் என்றால் ஆட்டம். கேமரா குலுங்குவதை ஆட்டம் என்று உலகத்தில் எந்த டெக்னீஷியனும் புரிந்துகொள்ளமாட்டான். நாட்டியக்காரி ஆட்டத்தில் கை வைக்காதே என்றால் நாட்டியம் என்றுதான் எடுத்துக்கொள்வான். தெளிவாக எழுதாதது நீ. பழி எனக்கு.

மொத்தம் எட்டுப் படங்கள். மற்றவற்றின் டேப் நன்றாக இருக்கிறது, திரும்ப ஏற்றி அப்படியே தந்துவிடுவேன். நடுக்கத்தோடு. உன் இஷ்டம். 'இறக்கம்' போனது போனதுதான். அழித்ததை எடுக்கிற புரோகிராம் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன், அந்த இடத்தில் வேறு யாருடைய விளம்பரமோ உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலி காலி. போட்டோ எடுக்கும்போது நீ யாரும் இல்லாத பக்கம் பார்ப்பாய். ஸ்கூலிலிருந்து வந்து கதை சொன்னால் என் தலைக்கு மேலே பார்த்துக் கேட்பாய். அங்கே யாரும் இல்லை அம்மா. நான்தான் இருந்தேன். படத்திலும் நீ ஒருத்திதான் இருக்கிறாய், சாஃப்ட்வேர் யாரையும் கொல்லவில்லை.

திருகாணி


மார்ச் 19

அம்மாவுக்கு,

நீ பதில் போடவில்லை. கண்காட்சிக்காரர்களுக்கு 'இறக்கம்' வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று சொன்னாயாம். அவர்கள் என்னிடம் கேட்கிறார்கள், நான் என்ன சொல்ல?

போன கடிதத்தில் கடைசிப் பத்தியை நான் எழுதியிருக்கக்கூடாது என்று முதலாளி சொல்கிறார். அவரிடம் ஏன் காட்டினாய் என்று கேட்காதே, முதலில் எழுதிப் பார்த்த தாள் மேஜையில் கிடந்தது. "உங்கம்மாவுக்கு எழுதினதா, கஸ்டமர் புகாருக்கு எழுதினதா?" என்றார்.

சரி, கேள். படத்தின் மூலம்தான் அழிந்தது. சாஃப்ட்வேர் எடுத்த கணக்கு அழியவில்லை. கேமரா எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்ற எண்கள், சின்ன ஃபைல், யாரும் சீண்டாத மூலையில் கிடந்தது. எடுத்துக் கோடாக வரைந்து பார்த்தேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கு இந்த மாதிரி எழுதிப் பழக்கமில்லை.

கோடு ஏறி இறங்குகிறது. ஏறி, இறங்கி, கொஞ்சம் நின்று, மறுபடி ஏறுகிறது. முதலில் மெஷின் கோளாறு என்று நினைத்தேன். அப்புறம் என்னை அறியாமல் நானும் அதோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அது மூச்சு அம்மா. நெஞ்சு விரியும்போது கை உயர்கிறது. நடுநடுவே வெட்டிவெட்டி நாலைந்து குதி வருகிறது, இருமல். அதற்கப்புறம் மூச்சு வேகமாகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் மொத்தக் கோடும் சாய்ந்து சாய்ந்து கீழே போகிறது. நீ சொன்னது அதுதான்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். ஏசி சத்தம் மட்டும். திரையில் ஒரு பச்சைக் கோடு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பின்னால் யாரோ நின்று மூச்சு வாங்குகிற மாதிரி முதுகு கூசியது. திரும்பிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

அப்பா எப்படி இருமுவார் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

அந்த எண்களைத் தலைகீழாகப் போட்டு, எடுத்த ஆட்டத்தைத் திரும்பப் படத்துக்குக் கொடுத்திருக்கிறேன். முழுசாக வராது. சாஃப்ட்வேர் வெட்டின ஓரம் வெட்டினதுதான். அதனால் படத்தைச் சுற்றிக் கறுப்பு ஓரம் இருக்கும், படம் அசையும்போது அந்த ஓரமும் மெலிந்து தடித்து அசையும். அசிங்கமாக இருக்கும். எவனாவது டெக்னீஷியன் பார்த்தால் காறித் துப்புவான். இதற்குமேல் என்னால் முடியாது.

கடைசிப் பகுதியில், இரண்டு பேரும் தரைக்கு வந்த பிறகு, செய்ய எதுவும் இல்லை. அது இருந்தபடி இருக்கிறது.

கோபம் இருந்தால் கோபமாகவே எழுது.

திருகாணி


ஏப்ரல் 3

என் திருகாணிக்கு,

கோபம் இருந்தது. நீ சொன்ன நாற்காலிக்காகக் கோபம், அது உண்மை என்பதால். உன் தலைக்கு மேலே பார்த்தேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் கண்ணாடி முன்னால் நின்றேன். இப்போதும் கொஞ்சம் மேலேதான் பார்க்கிறேன், பழகிப்போயிற்று. எத்தனை கதை சொல்லியிருப்பாய். நான் காதால் கேட்டேன், அது போதாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

படம் பார்த்தேன். முதலில் எனக்கு என்னையே பார்க்க முடியவில்லை, அந்தக் கறுப்பு ஓரத்தைத்தான் பார்த்தேன். முன்னாலெல்லாம் அவர் ஆட்டம் படத்துக்குள் கரைந்து இருக்கும், தேடினால்தான் கிடைக்கும். இப்போது தனியாக, கறுப்பாக, நாலு பக்கமும் என்னைச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கிறது. நான் இறங்க இறங்கக் கீழோரம் தடிக்கிறது. அவர் கையைக் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. நீ கெடுத்ததால் பார்த்தேன். இதற்கு உன்னைத் திட்டுவதா, கொஞ்சுவதா?

கண்காட்சிக்கார அம்மாள், "ஓரமெல்லாம் கறுப்பா வருதே, ரிப்பேரா?" என்றார்கள். "இல்லை, அவரும் ஆடுறார்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரி, இதையே பெரிய அறையில் போடுகிறோம் என்றார்கள்.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். கடைசிப் பகுதி. நான் தரையில் படுத்து ஆடுகிறேனே, அங்கே படம் அசையாமல் நிற்கும். அப்போது ஒரு பேட்டியில் கேட்டார்கள், "அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்" என்று சொல்லி வைத்தேன். அதையே எல்லோரும் எழுதுகிறார்கள். இப்போது சுவரில் அட்டையாக மாட்டப்போகிறார்களாம். அந்த இடத்தில் உன் மெஷின் என்ன சொல்கிறது? விஷயம் தெரிந்த ஒருவன் பார்த்தால் என்ன சொல்வான்? உள்ளதைச் சொல். நயமாகப் பேசத் தெரியாத பிள்ளை நீ ஒருத்தன்தான் எனக்கு.

உன் அம்மா


ஏப்ரல் 11

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் கிடைத்தது. மிகவும் சந்தோஷம். இங்கே வெயில் அதிகம். நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். கண்ணாடி பவர் ஏறவில்லை.

நீ கேட்ட கடைசிப் பகுதியை மறுபடி ஒரு முறை நிதானமாகப் பார்த்தேன். கோடு மிக மிக மெல்லியதாக ஆடுகிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது, பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். நீ சொன்னது சரி. அப்பா மூச்சைப் பிடித்திருக்கிறார். கேமராவைத் தரைக்கு மிக அருகே வைத்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு, உனக்காக அசையாமல் பிடித்திருக்கிறார். நோயாளி ஒருவர் அவ்வளவு நேரம் அப்படிப் பிடிப்பது சாதாரண விஷயமில்லை. என் அனுபவத்தில் இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. அட்டையில் தாராளமாக எழுதலாம். எந்த டெக்னீஷியன் பார்த்தாலும் அதையே சொல்வான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
திருகாணி


ஏப்ரல் 20

என் செல்லமே,

நீ பொய் சொன்னால் 'அன்புள்ள' என்று தொடங்குகிறாய். வெயிலைப் பற்றி எழுதுகிறாய். கேட்காததற்கெல்லாம் பதில் சொல்கிறாய். இவ்வளவு நல்ல கடிதம் நீ எனக்கு எழுதினதே இல்லை, இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது.

நீ முன்னால் எழுதினதை நான் மறப்பேனா? உயிருள்ள கை ஆடாமல் இருக்காது, பூஜ்யம் என்றால் எதன்மேலோ வைத்திருக்கிறார்கள். அங்கே பூஜ்யம்தானே? சொல்லத் தயங்கினாய். நான் யாருமே பிடிக்காத கேமராவுக்கு ஆடினேன் என்று தெரிந்தால் உடைந்துபோவேன் என்று பயந்தாய்.

எனக்குத் தெரியும்டா. அவர் அதைத் தரையில் வைப்பதை நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

நான் கேட்டது வேறு. கண்காட்சிக்கு வருகிறவர்களில் விஷயம் தெரிந்தவன் எவனாவது கண்டுபிடித்துவிடுவானா என்றுதான் கேட்டேன். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாதது அது. இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

இரண்டு பேரும் தரைக்கு வந்துவிட்டோம். அவர் கை முடிந்துவிட்டது. கேமராவை மெதுவாகத் தரையில் வைத்தார், என் பக்கம் திருப்பி. நிறுத்தலாமா என்று பார்த்தேன். வேண்டாம், ஆடு என்று தலையை ஆட்டினார். அங்கே மிச்சமிருந்த தையல் மேஜையைப் பிடித்து எழுந்து, சுவரோரமாக நடந்து, கதவு வரைக்கும் போய், நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தார். கேமரா இல்லாமல். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அந்த மனுஷன் நான் ஆடி ஒரு தடவைகூட நேராகப் பார்த்ததில்லை. கேமராவின் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகத்தான். நான் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

முடித்துவிட்டு எழுந்து கிட்டே போனேன். அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை.

"இவ்ளோ பெருசாவா ஆடுவ நீ?" என்றார். "அதுக்குள்ள கட்டைவிரல் உசரம்தான்டி இருந்தே."

அதை யாரும் படம் எடுக்கவில்லை. மைக் இல்லை. ஒரு கோட்டிலும் விழவில்லை. உன் சாஃப்ட்வேராலும் அதை எடுத்திருக்க முடியாது, கொடுத்திருக்கவும் முடியாது. அதனால்தான் மூச்சைப் பிடித்தார் என்று சொல்லிவைத்தேன். உண்மையில் பிடித்தது நான்.

அவர் நடந்துபோய் நின்றதை நம்பாவிட்டால் அந்தப் பகுதியில் என் கண்ணைப் பார்.

முழங்கால் முன்னைப்போல் மடங்குவதில்லை. இருந்தாலும் இன்னும் ஒன்று எடுக்கவேண்டும் என்று இருக்கிறது. நம் வீட்டு உள்ளறைதான், சாப்பாட்டு மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டு. முக்காலியை மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டேன். இந்தத் தடவை படம் எடுக்கிறவன் முகத்தைப் பார்த்து ஆட ஆசை, அவன் தலைக்கு மேலே இல்லை.

ஆட்டத்துக்கு ஒரு கை குறைகிறது. வருவாயா?

உன் அம்மா


ஏப்ரல் 27

அம்மாவுக்கு,

பூஜ்யம்தான். சுத்தமான பூஜ்யம். அதற்கு முன்னால் கோட்டில் ஒரு சின்னத் துள்ளல், கேமரா தரையைத் தொட்ட இடம். அதைப் பார்த்த அன்றே உனக்கு எழுதியிருக்கவேண்டும். இனிமேல் உனக்குப் பொய் எழுதமாட்டேன், நேரம் வீண்.

சனிக்கிழமை வருகிறேன். லீவு கேட்டதற்கு முதலாளி, "அந்தச் சிவப்புப் பாவாடையையும் உங்கம்மாகிட்ட திருப்பிக் கொடுத்துடு" என்றார். குலுங்காமல் பிடிக்கிற கருவி ஆபீஸில் இருக்கிறது, கொண்டுவரவில்லை. என் கை எப்படி ஆடும் என்று எனக்குத் தெரியாது. நான் இதுவரை அடுத்தவன் எடுத்ததைத்தான் தொட்டிருக்கிறேன். மோசமாக இருந்தால் முகத்துக்கு நேராகச் சொல். மேஜையை நீ தனியாகத் தள்ளாதே.

உன் கண்ணைப் பார்த்தேன். நீ லென்ஸைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, கொஞ்சம் இடது பக்கமாகப் பார்க்கிறாய். முதல் தடவை ஏற்றும்போதே கவனித்தேன், பார்வை தப்பு என்று ஓரத்தில் எழுதிவைத்தேன். அதுவே ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மெதுவாக நகர்கிறது, சுவரோரமாக ஒருத்தர் நடந்து போகிற வேகத்தில். அப்புறம் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. அதிலிருந்து நீ கண்ணை எடுக்கவே இல்லை.

படத்தை அங்கேயே நிறுத்தி, நாற்காலியைத் திருப்பி, நீ பார்க்கிற பக்கம் பார்த்தேன். எங்கள் ஆபீஸ் சுவர்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருகாணி